ஐம்பத்து மூன்று ஓம்

வில்லாபுரத்தில் எங்கள் தெரு
டிரான்ஸ்பார்மரிலிருந்து பதினேழாவது கம்பம்.
அதற்கப்புறம் கண்மாய்.
கரண்டு வந்து நிற்கிற கடைசி வாசலில்
துளசிராம் சாருக்குச் சுங்குடிச் சேலை தேய்க்கிறேன்,
சேலைக்கு மூன்று ரூபாய்.

காலையில் மணிக்கு இருபது.
மாலையில் பதிமூன்று.
"பொழுது சாஞ்சா ஒனக்குக் கை ஓஞ்சுபோகுது, முத்திருளாயி"
என்றவர் நோட்டில் என் பெயருக்கு நேரே
திறன் போதாது என்று எழுதிக்கொண்டார்.

நான் பார்த்தது வேறு.
இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு
காலையில் அணைந்து அணைந்து எரியும்.
மாலையில் ஒருதரம் எரிந்தால் அணைவதேயில்லை.
சூடு இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.
மடிப்பு விழுவதற்கு நான்தான் தோளைக் கொடுக்கிறேன்.
மின்னழுத்தம் என்று படித்த வயதில்
அழுத்துவது யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

ரபீக்கின் மோட்டார் கடையில்
கிளாம்ப் மீட்டர் ஒருநாள் வாடகை ஐம்பது ரூபாய்,
அடமானம் என் செல்போன்.
நண்டுக் கொடுக்கைப் போல வாய்பிளந்து
வயரைக் கவ்வியது: பூஜ்யம்.
மறுபடியும் பூஜ்யம்.
கை வைத்தால் சுடுகிற பெட்டிக்குப் பூஜ்யமா?
அப்புறம்தான் உறைத்தது.
போகிற கம்பியையும் வருகிற கம்பியையும்
சேர்த்துக் கவ்வியிருக்கிறது.
போனதும் வந்ததும் தங்களுக்குள் கழித்துக்கொண்டு
ஒன்றும் நடக்காததுபோல் நிற்கின்றன,
என் சனிக்கிழமைக் கூலியைப்போல.
பிளக்கைப் பிடுங்கி, மேலுறையைக் கீறி,
ஒற்றைக் கம்பியைப் பிரித்துக் கொடுத்தேன்.

காலை ஏழு: 230 வோல்ட், 4.35 ஆம்பியர்.
மாலை ஏழு: 184 வோல்ட், 3.48.

பிளஸ் டூ இயற்பியலில் எனக்கு எழுபத்தொன்று.
சேலை அட்டையின் முதுகில் வகுத்தேன்.
காலைக் கணக்கு: ஐம்பத்து மூன்று ஓம், கிட்டத்தட்ட.
மாலைக் கணக்கு: அதே ஐம்பத்து மூன்று.
பெட்டி மாறவில்லை.
அதன் பிடிவாதம் இரண்டு வேளையும் ஒன்றே.

பெருக்கியபோதுதான் தெரிந்தது.
காலையில் ஆயிரம் வாட்.
மாலையில் அறுநூற்று நாற்பது.
அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது.
ஆனால் போகும்போது ஓட்டத்திலும்
ஐந்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.
குறைச்சல் தனியாக வந்து
நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

ஆயிரத்துக்கு அறுநூற்று நாற்பது என்றால்
இருபது சேலைக்குப் பன்னிரண்டே முக்கால், சொச்சம்.
நான் பதிமூன்று தேய்த்திருக்கிறேன்.
அந்தக் கால் சேலை
என் தோள்பட்டை.

யார் மேல் கோபப்பட?
எதிர்வீட்டில் மாவரைக்கிற ஜெயராக்கினி மேலா?
தெருவே இரண்டு வேன் பிடித்து
பாண்டி கோயிலுக்குக் கெடா வெட்டப் போன ஞாயிற்றுக்கிழமை
ஒரு மோட்டார் ஓடவில்லை, ஒரு கிரைண்டர் சுற்றவில்லை.
சாயங்காலம் பத்து எண்ணுவதற்குள் விளக்கு அணைந்தது.
மணிக்கு இருபத்தொன்று தேய்த்தேன்,
பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல்.

பேப்பரில் போடுகிறார்கள்:
நாளை மின்தடை, வில்லாபுரம், அவனியாபுரம்.
அவர்களுக்கு மின்தடை என்றால் நின்றுபோவது.
என் அட்டையில் மின்தடை என்றால்
வருவதை இழுத்துப் பிடித்து
உரசிச் சூடாக்கி அனுப்புவது.
அது இல்லாமல் ஒரு சுருக்கம்கூட நிமிராது.

அட்டையைக் கொண்டுபோய் நீட்டினேன்.
துளசிராம் சார் கண்ணாடியை மாட்டி
மேலிருந்து கீழ் ஒருதரம், கீழிருந்து மேல் ஒருதரம்.
"அப்ப என்னங்கிற?"
"ஆறு மணிக்கு மேல சேலைக்கு நாலு ரூபா எழுபது."
நோட்டை எடுத்தார்.
திறன் என்பதை அடித்து
வோல்டேஜ் என்று எழுதினார்.
போதாது அப்படியே இருந்தது.

நாலு ரூபாய் தருகிறார் இப்போது.
மீதி எழுபது பைசா
பதினேழு கம்பம் கடந்து வருவதற்குள்
வழியில் எங்கோ கம்பியைச் சுட்டுக்கொண்டிருக்கும்.